கடல்மேல் உழவன் உணவு

வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



இவ்விழா உரைக்கு நான் தேர்ந்தெடுத்த பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆங்கில நாட்டின் 'பப்' எனும் மதுவிடுதிகளில் நண்பகலில் பரிமாறப்படும் எளிய உணவைப் பற்றியும், அவ்வுணவு நடுக்கடலில் செல்லும் பெருங்கப்பலில் கிடைப்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு. நம் வட்டத்துக் கவிஞர்கள் மண்ணைப் பாடுபவர்கள். மண்ணைப் பாடும்போதெல்லாம் ஓர் உணவும் உடன் வந்துவிடுகிறது. கூழ், கம்பங்களி, பழைய சோறு, சுட்ட கருவாடு என்று அது பல பெயர்களில் வரும். மண்ணின் உணவு, மண்ணை விட்டு அகன்ற பின்பும் மண்ணின் உணவாகவே இருக்குமா? இந்த வினாவுக்கு விடை தேட, மண்ணே கண்ணில் படாத ஓரிடத்துக்குச் சென்று பார்ப்பது நன்று எனத் தோன்றியது.

உணவு எனும் கருப்பொருள்

தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்துக் கூறுமிடத்தில் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் அதன் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்தை அறிய வேண்டுமாயின் அங்குள்ளோர் உண்பதை அறிதல் வேண்டும் என்னும் தெளிவு அந்த வரிசையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இத்தெளிவு ஒரு பயணமாகவே விரிகிறது. தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு, வழியில் எந்நிலத்தார் எதைப் படைப்பர் என்று சொல்லப்படுகிறது. ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும், உழவர் மனையில் வெண்சோறும் கோழிப் பொரியலும், வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். நிலம் மாற உணவும் மாறும். பாணன் தான் எங்கு நிற்கிறான் என்பதைத் தன் கலத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

ஆனால் கப்பல் எந்நிலம்? நெய்தல் என்பீர்களாயின், நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும் ஆகும். அங்கே மணலும் புன்னையும் உப்பங்கழியும் உண்டு. நடுக்கடலில் செல்லும் கப்பலுக்குக் கானலும் இல்லை, கழியும் இல்லை. அங்கே பொழுதுகூட உறுதியாக இல்லை. சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் நோக்கி மேற்கே செல்லும் ஏழு இரவுப் பயணத்தில், ஐந்து இரவுகளில் கடிகார முள் ஒவ்வொரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால், முதற்பொருளே தளர்ந்துபோன இடம் கப்பல். அத்தகைய இடத்தில் மனிதர் எதைப் பற்றிக்கொள்கின்றனர்? உணவைப் பற்றிக்கொள்கின்றனர் என்பதே நான் கண்டது.

பொற்சிங்கத்தின் அடியில்

2019 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், இங்கிலாந்தில் வாழும் என் தமக்கையின் குடும்பத்தாருடன் குயின் மேரி 2 என்னும் கப்பலில் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. 345 மீட்டர் நீளமுடைய கப்பல் அது. ஏறத்தாழ 2,700 பயணிகளையும் 1,200க்கும் மேற்பட்ட பணியாளரையும் ஏற்றிச் செல்வது. 2004 ஆம் ஆண்டு சனவரியில் முதற்பயணம் புறப்பட்டது. அதன் கீழ்த் தளங்களுள் ஒன்றில் 'கோல்டன் லயன்' என்னும் பப் இருக்கிறது. பொற்சிங்கம் என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம்.

பப்புகளுக்கு இவ்வாறு விலங்கின் பெயரும் மணியின் பெயரும் வாய்த்ததற்கு வரலாறு உண்டு. 1393 ஆம் ஆண்டு இரண்டாம் ரிச்சர்டு மன்னன், மது விற்போர் வாயிலில் அடையாளம் நாட்ட வேண்டும் என்று ஆணையிட்டான். எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த காலம். ஆதலின் படமே பெயராயிற்று. சிங்கமும் அன்னமும் மணியும் மகுடமும் பலகையில் ஏறின. அப்பலகைகளின் வழித்தோன்றல்தான் கடல்மேல் மிதக்கும் இந்தப் பொற்சிங்கமும்.

நண்பகல் ஆனதும் அவ்விடம் நிறைந்துவிடுகிறது. மேல் தளங்களில் வெண்விரிப்பு விரித்த பெரிய உணவுக்கூடங்கள் இருக்க, மக்கள் இங்கே வந்து இடம் தேடுகின்றனர். இருண்ட மரப்பலகைச் சுவர், நெருக்கமான மேசைகள், ஒரு மூலையில் பொதுஅறிவு வினாடி வினா. உணவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பயணக் கட்டணத்தில் அது அடங்கும். மதுவுக்கு மட்டுமே பணம் தர வேண்டும். நான் எலுமிச்சைச் சாறு பருகினேன் என்பதைத் தலைவர் அவர்களின் நிம்மதிக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நான் கேட்டது மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். மாவில் தோய்த்துப் பொரித்த பெரிய மீன்துண்டு தட்டின் இரு விளிம்பையும் தொட்டுக்கொண்டிருந்தது. கத்தி பட்டதும் மேலோடு ஓசையுடன் உடைந்தது; உள்ளே மீன் வெண்ணிற இதழ்களாகப் பிரிந்து ஆவி விட்டது. விரல் தடிமனில் வறுவல், குழைய வேகவைத்த பச்சைப் பட்டாணி, ஒரு கீற்று எலுமிச்சை. வறுவலின்மேல் புளிங்காடி தெளித்தபோது எழுந்த மணம் மூக்கைத் துளைத்தது. காரம் என்பதே இல்லாத உணவு அது. எனினும், வெளியே சாம்பல் நிற அட்லாண்டிக் குளிர்ந்து கிடக்க, கப்பல் மெல்ல அசைய, அந்தச் சூடும் உப்பும் புளிப்பும் நாவுக்குப் போதுமானவையாக இருந்தன. மகிழ்ந்து உண்டேன். என் தமக்கை கேட்டது 'ப்ளௌமேன்ஸ் லஞ்ச்'. உழவன் பகலுணவு என்பது அதன் பொருள். ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய், ஆப்பிள் துண்டு, இனிப்புக் கலந்த காய் ஊறுகாய் ஆகியவை ஒரு மரப்பலகையில் அடுக்கி வந்தன.

உணவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. 'காட்டேஜ் பை' என்னும் குடிசைவாசி உணவு, உழவன் உணவு என்று அதில் ஏழையரின் பெயர்கள் நின்றன. ஆட்டிறைச்சியில் செய்தால் அதே குடிசை உணவு இடையன் பெயரைப் பெறுகிறது. மருதமும் முல்லையும் ஒரே அட்டையில் வந்து நிற்கின்றன. பெருஞ்செலவு செய்து கப்பலேறியவர்கள் எளியோர் பெயரால் அமைந்த உணவை விரும்பிக் கேட்கும் விந்தை என்னைச் சிந்திக்க வைத்தது. இவ்வுணவுகளின் பிறப்பை ஆராயத் தொடங்கினேன்.

கடல் வழி வந்தவை

மீனும் வறுவலும் ஆங்கிலேயரின் தேசிய உணவு எனப் புகழப்படுவது. ஆனால் மீனை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர்கள், ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வெளியேறிய யூத மக்கள். உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலைநாட்டுப் பயிர். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தது. இவ்விரண்டையும் ஒரே கடையில் முதலில் விற்றவர் இலண்டன் யூதரான ஜோசப் மாலின் என்பாரும் உளர். வடபகுதியில் மாஸ்லி என்னும் ஊரின் ஜான் லீஸ் என்பாரும் உளர். இரண்டும் 1860களைச் சுற்றியவை. இரண்டாம் உலகப்போரில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தபோதும் மீனும் வறுவலும் பங்கீட்டுக்கு உட்படுத்தப்படவில்லை. அந்த அளவுக்கு அது தொழிலாளர் குடும்பங்களின் உயிர்நாடியாக ஆகிவிட்டிருந்தது.

பப்பின் வெளிறிய கசப்பு மதுவகை ஒன்று இன்றும் 'இந்தியா பேல் ஏல்' என்றே அழைக்கப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்க்கு அனுப்பப்பட்ட சரக்கு அது. இலண்டனில் ஹாட்ஜ்சன் என்பாரின் மதுவடிசாலை அவ்வணிகத்தில் பெயர் பெற்றது. 1820களில் பர்ட்டன் நகரத்தார் போட்டிக்கு வந்தனர். யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்கு உரியதாக நக்கீரர் பாடிய புறநானூற்று 56 ஆம் பாட்டை நாம் அறிவோம். மதுவும் கப்பலும் அன்றே தோழமை பூண்டவை.

இனி, 'கறி' என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் ஏறி அமர்ந்த கதையும், நம் மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' என்னும் சூப்பாக உருமாறிய கதையும் உங்களுக்குப் புதியன அல்ல. 1886 இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இவ்விரு சொற்களின் தமிழ் மூலத்தையும் பதிவு செய்துள்ளது. 2001 ஆம் ஆண்டு, அந்நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை உண்மையான பிரித்தானியத் தேசிய உணவு என்று ஓர் உரையில் குறிப்பிட்டார். இன்று பல பப்புகளின் பட்டியலில் மீனுக்குப் பக்கத்திலேயே கறியும் நிற்கிறது.

ஆக, ஆங்கில மண்ணின் உணவு என்று நாம் கருதுபவற்றுள் பல, கடலிலிருந்து கரையேறியவை. கப்பலில் அவற்றைப் பரிமாறும்போது அவை மீண்டும் தாம் வந்த வழிக்கே திரும்புகின்றன எனலாம்.

அந்தக் கப்பலும் அப்படிப்பட்டதே. பார்ப்பவர்க்கு அது முழு ஆங்கிலத் தோற்றம் காட்டும். கட்டப்பட்டதோ பிரான்சு நாட்டின் சான் நசேர் துறையில். 1840 முதல் கடலோட்டிய பழம்பெரும் கியூனார்டு நிறுவனம் 1998 இல் அமெரிக்கக் கார்னிவல் குழுமத்தின் கைக்கு வந்தது. 2011 இல் கப்பலின் பதிவுத் துறைமுகம் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாறியது. இதே நிறுவனத்தின் முதற்கப்பலான பிரித்தானியாவில் 1842 சனவரியில் பயணம் செய்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், பகல் ஒரு மணிக்கு மணியடித்ததும் சுட்ட உருளைக்கிழங்கும் உப்பிட்ட இறைச்சியும் வந்ததைத் தம் அமெரிக்கப் பயண நூலில் எழுதியிருக்கிறார். அன்று அது கப்பலில் கிடைத்த உணவு, அவ்வளவே. இன்றோ அதைச் சுற்றி ஓர் ஊரையே கட்டிக் காட்டுகின்றனர்.

உழவன் எங்கே?

நிலத்திலிருந்தே நேராக வந்ததாகப் பெயர் சூட்டிக்கொண்டது உழவன் பகலுணவு. அதன் கதை வேறு. உழுதொழிலாளர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் வயலோரத்தில் உண்டது உண்மை. நெடுங்காலத்துப் பழக்கம் அது. ஆனால் இப்பெயரும், இத்தட்டின் அமைப்பும், பப்புகளின் பட்டியலில் இதற்குக் கிடைத்த நிலையான இடமும் இருபதாம் நூற்றாண்டின் விளம்பரப் பணி. போர்க்காலப் பங்கீடு 1954 இல் முடிந்தபின், பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க விரும்பிய வணிக அமைப்பு ஒன்று இப்பெயரைப் பப்புகளில் பரப்பத் தொடங்கியது. 1960களில் பால் விற்பனை வாரியம் அதனை நாடெங்கும் கொண்டு சென்றது. 1983 இல் இயன் மெக்கியூவன் எழுத, ரிச்சர்டு அயர் இயக்கிய திரைப்படம் ஒன்று இந்த உணவின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. இறந்தகாலத்தைத் தேவைக்கேற்பச் சமைத்துக்கொள்ளும் சமூகத்துக்கு இந்தத் தட்டு அப்படத்தில் குறியீடாயிற்று.

அன்பர்களே, இங்கே நான் அந்த வணிகர்களைக் குறை சொல்லவில்லை. தட்டு சுவையானது, என் தமக்கை ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. என் வருத்தம் வேறு. உழவன் உணவில் உழவன் பெயர் இருக்கிறது, உழவனைக் காணவில்லை. அவன் வெயிலையும் மழையையும் கூலியையும் கழித்துவிட்டு, அவன் கையிலிருந்த ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உண்மையான உழவன் எப்படிப் பேசியிருப்பான் என்று அறிய வேண்டுமாயின், ஜான் கிளேர் என்னும் கவிஞரிடம் செல்ல வேண்டும். 1793 இல் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். வயலில் உழைத்தார். தம் வீட்டுக்கு அடுத்திருந்த 'நீலமணி' என்னும் பப்பில் ஏவலாளாகவும் வேலை செய்தார். 1809 இல் அவ்வூரின் பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. கன்றுகாலி மேய்ந்த வெளியும் தாம் திரிந்த பாதையும் அடைபட்டதைக் கிளேர் பாடினார். 1820 இல் அவர் முதல் நூல் வெளிவந்தபோது இலண்டன் அவரை 'உழவர் கவிஞர்' என்று கொண்டாடியது; சில ஆண்டுகளில் மறந்தும்போனது. தம் இறுதி இருபத்திரண்டு ஆண்டுகளை மனநல விடுதியில் கழித்து 1864 இல் மறைந்தார். உழவன் என்னும் அடைமொழியைச் சுவைத்த நகரம், உழவனுக்கு உணவிடவில்லை. பப்பும் உழவும் கவிதையும் ஒரே வாழ்வில் கூடிய அவர் கதையை அறிந்தபின், அந்த மரப்பலகையில் வந்த உணவு எனக்குச் சற்றுக் கனமாகத் தோன்றியது.

இதே நாட்டில் ஜார்ஜ் ஆர்வெல் 1946 இல் ஒரு கட்டுரை எழுதினார். தமக்கு மிகவும் பிடித்த பப்பை இருக்கை முதல் உணவு வரை அணு அணுவாக வருணித்துவிட்டு, அப்படி ஒரு பப்பே இல்லை என்று முடித்தார். அவர் செய்ததும் கற்பனைதான். ஆனால் இல்லாததை இல்லை என்று சொல்லும் நேர்மை அதில் இருந்தது. விளம்பரக் கற்பனைக்கும் எழுத்தாளன் கற்பனைக்கும் உள்ள எல்லைக்கோடு அந்த ஒரு சொல்லில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

கீழ்த் தளத்துச் சோறு

பொற்சிங்கத்தில் எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். மூன்றாம் நாள் கூட்டம் குறைந்திருந்த வேளையில், "தம்பி, நீங்கள் பகலில் என்ன உண்பீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கீழே பணியாளர் உணவறையில் எந்நாளும் சோறு உண்டு என்றார். வீட்டில் அம்மா வைக்கும் 'சினிகாங்' என்னும் மீன் சாற்றைப் பற்றியும் சொன்னார். அதில் புளிப்புக்கு என்ன சேர்ப்பார்கள் என்று வினவினேன். "புளி" என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, காய் தொங்குவதைக் கையால் வளைத்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. சோறும் புளியிட்ட மீன் சாறும்! நாகப்பட்டினத்துக்காரியாகிய எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெரிய கப்பல்களின் வரலாறு முழுவதும் இந்தக் கீழ்த் தளம் இருந்துவந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பி அண்ட் ஓ நிறுவனத்தின் கப்பல்களில் 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகளும், கோவா நாட்டுச் சமையலாளரும் பரிமாறுவோரும் பணியாற்றினர். மேலே ஒரு நாட்டின் நினைவு பரிமாறப்பட, அதைச் சமைத்துத் தூக்கி வந்த கைகள் தம் நாட்டின் நினைவைக் கீழே தனியே உண்டன. நான் உண்ட மீன் சுவையானது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் இருவருக்கும் உரிய உணவு ஒன்று அதே கப்பலில், பயணிகள் இறங்காத தளத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. கருப்பொருள் என்பதன் முழுப்பொருளை அன்றுதான் உணர்ந்தேன். உணவு நிலத்தில் தங்கிவிடுவதில்லை. உண்பவர் நெஞ்சில் ஏறி உடன் வருகிறது. நிலம் இல்லாத இடத்தில் உணவே நிலமாகிறது. மேல் தளத்து முதிய ஆங்கிலேயர்க்கும் கீழ்த் தளத்து இளைஞர்க்கும் இது பொது.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

இனி நம் வாயிலுக்கு வருவோம். நம் நகரங்களின் உயர்தர விடுதிகளில் இன்று மண்கலயத்தில் பழைய சோறு கிடைக்கிறது. சுவரில் ஏர் மாட்டியிருக்கிறது. கயிற்றுக் கட்டிலும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வரும் ஆய்வாளர், இதன் பிறப்பை ஆராய்ந்து, இதுவும் ஒரு வணிகரின் படைப்பே என்று எழுதக்கூடும். விடுதிக்காரர் தம் தொழிலைச் செய்கிறார். நாம் நம் தொழிலைச் செய்கிறோமா என்பதே என் கேள்வி.

இப்பத்தாண்டுகளில் நம் வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளில் எத்தனையோ கஞ்சிக் கலயங்கள் வந்து போயின. அவற்றை நேசிப்பவள் என்னும் உரிமையில் சொல்கிறேன். கலயத்தை மட்டும் பாடுவது பாலாடைக்கட்டி வணிகர் செய்த வேலைக்கு மிக அருகில் நிற்கிறது. கலயத்தை ஏந்திய கை யாருடையது, அன்று அவருக்குக் கூலி எவ்வளவு, கஞ்சியில் சோறு மிதந்ததா தண்ணீர் மிதந்ததா, உண்ட பின் அவர் எங்குச் சென்றார் என்பனவும் பாட்டில் வர வேண்டும். பெரும்பாணாற்றுப்படைப் புலவர் உணவைச் சொன்ன இடத்திலெல்லாம் இடுபவரையும் சொன்னார். அவர் குடிலையும் தொழிலையும் சொன்னார். அதனாலன்றோ அந்த உணவு இன்றும் ஆறாமல் இருக்கிறது!

இதனால் மகிழ்ந்து உண்பதும் ஏக்கம் கொள்வதும் குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். பொற்சிங்கத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீன் தட்டை நோக்கிய முதியவர்களின் முகத்தில் நான் கண்டது பொய்யன்று. இளமையில் செய்தித்தாளில் பொதிந்து உண்ட வறுவலின் நினைவு அது. அந்த நினைவு விற்பனைப் பொருளாகும்போது மனிதர் உதிர்ந்துவிடுகின்றனர். கவிதையாகும்போது மனிதர் திரும்பி வர வேண்டும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துப் பாட்டுகளில் உணவோடு உழவரும் வலைஞரும் ஆயரும், கப்பலின் கீழ்த் தளத்தில் சோறு வடிப்பவரும் வந்து அமரட்டும். அவர்களுக்கும் ஓர் இலை போடுங்கள்.

 வட்டம் நூறாண்டு வாழ்க. வணக்கம்.